குலப்பெயரும் நற்பெயரும்: சர் தாமஸ் மன்றோ சரிதம்

மனிதனுக்கு வாய்க்கும் பெயர்கள் பல வகைப்படும். பெற்றோர் விரும்பி இடும் பெயர் ஒன்று. குலத்தின் வழியே வந்து சேரும் பெயர் மற்றொன்று. கொங்கு நாட்டுக் குடியானவர் ஒருவர் தம் கூட்டத்தின் பெயரைச் சொன்ன மாத்திரத்தில், அவருடைய குலதெய்வம் எது, காணியூர் எது, பங்காளிகள் யாவர் என்பதெல்லாம் கேட்போர்க்கு விளங்கிவிடும். ஸ்ரீவைஷ்ணவ சம்பிரதாயத்திலோ பஞ்ச சம்ஸ்காரத்தின்போது ஆசாரியன் அருளும் தாஸ்ய நாமம் என்னும் பெயரும் உண்டு. இவை யாவும் பிறர் தர நாம் பெற்றுக்கொள்பவை. ஒருவருடைய நடத்தையைக் கண்டு, ஊரார் தாமாகவே உவந்து போற்றிப் பாதுகாக்கும் பெயரோ இவை அனைத்தினும் அரியது. அதனையே நம் முன்னோர் நற்பெயர் என்றனர்.

கடல்களுக்கு அப்பால், குளிர் மிகுந்த ஸ்காட்லாந்து நாட்டில் தோன்றிய குலப்பெயர் ஒன்று, திருவேங்கடமுடையான் திருமடைப்பள்ளியில் உள்ள பாத்திரம் ஒன்றின் பெயராக நிலைத்திருக்கிறது. மன்றோ கங்காளம் என்பது அப்பாத்திரத்தின் பெயர். அந்தப் பெயர் எங்கே பிறந்தது, யார் யாரால் தாங்கப்பட்டது, எவர் நடத்தையால் திருமலை வரை ஏறி வந்தது என்பதை அறிவது அடியார்க்கு உவகை தரும்.

குலத்தின் தோற்றம்

ஸ்காட்லாந்தின் வடபகுதியில் கீழை ராஸ் என்றொரு நாடு உண்டு. கிராமர்ட்டி என்னும் கடற்கழியை ஒட்டிய அந்நாட்டில் ஃபௌலிஸ் என்னும் கோட்டை மாளிகையைத் தலைமை இடமாகக் கொண்டு வாழ்ந்தவர்கள் மன்றோ குலத்தார். நம் கொங்கு நாட்டுக் கூட்டம் எத்தகையதோ ஏறக்குறைய அத்தகையதே அவர்களுடைய குல அமைப்பும். ஒரே தலைவனை முன்னிட்டு, ஒரே பெயரைத் தாங்கி, ஒருவர்க்கொருவர் உறவினராகத் தம்மைக் கருதி வாழ்வது அவர்கள் வழக்கம்.

அயர்லாந்தில் ரோ என்னும் ஆறு ஓடுகிறது. அவ்வாற்றின் அடிப்பகுதியில் வாழ்ந்தவர்கள் கடல் கடந்து ஸ்காட்லாந்துக்கு வந்தமையால் அப்பெயர் உண்டாயிற்று என்பது அக்குலத்தார் வழிவழியாகச் சொல்லிவரும் செய்தி. பதினான்காம் நூற்றாண்டு முதல் அவர்களுடைய தலைவர்களைப் பற்றிய எழுத்துச் சான்றுகள் தெளிவாகக் கிடைக்கின்றன.

அக்குலத்தின் இலச்சினையில் கழுகு இடம்பெற்றிருக்கிறது. கருடக்கொடி கண்டு வளர்ந்த நமக்கு இச்செய்தி வியப்பளிக்கக்கூடும். இறைவனுக்கு அஞ்சி நட என்னும் பொருளுடைய சொற்றொடரே அவர்களுடைய குல மொழி. மேலும் ஒரு சுவையான மரபும் உண்டு. ஃபௌலிஸ் நிலங்களுக்கு அவர்கள் அரசர்க்குச் செலுத்த வேண்டிய காணிக்கை, கடுங்கோடையிலும் அரசர் கேட்டபோது தர வேண்டிய ஒரு பனி உருண்டை மட்டுமே என்பர். அருகிலுள்ள வைவிஸ் மலையின் மறைவிடங்களில் கோடையிலும் பனி தங்கும் ஆதலால் அது அவர்களுக்கு அரிதாக இல்லை. பனி உருண்டை ஒன்றை நிலவரியாகச் செலுத்திய குலத்தின் பெயரைத் தாங்கிய ஒருவர், பிற்காலத்தில் தென்னாட்டு உழவர் பல லட்சம் பேருடைய நிலவரியை வகுக்க வந்தது காலத்தின் விசித்திரமே.

அப்பெயர் தாங்கிய பலர்

மன்றோ என்னும் பெயரைத் தாங்கிப் புகழ்பெற்றோர் பலர். எடின்பரோ நகரத்துச் சர்வகலாசாலையில் பாட்டனார், தந்தையார், மைந்தர் என மூன்று தலைமுறையினர், மூவரும் அலெக்ஸாண்டர் மன்றோ என்னும் ஒரே பெயருடன், 1720 முதல் 1846 வரை உடற்கூற்றுச் சாஸ்திரம் போதித்தனர். அமெரிக்க ஐக்கிய நாடுகளுக்கு 1817 முதல் 1825 வரை ஐந்தாவது ஜனாதிபதியாக விளங்கிய ஜேம்ஸ் மன்றோவும் அக்குலத்திலிருந்து வர்ஜீனியாவில் குடியேறியவர்களின் வழித்தோன்றலே. ஆப்பிரிக்காவில் லைபீரியா நாட்டின் தலைநகரமான மன்ரோவியா அவர் பெயரால் அமைந்தது. ஸ்காட்லாந்தில் மூவாயிரம் அடிக்கு மேற்பட்ட மலைகளை 1891ஆம் ஆண்டில் பட்டியலிட்டவர் சர் ஹியூ மன்றோ. அம்மலைகளுக்கே மன்றோக்கள் என்று பெயர் வழங்கலாயிற்று. இப்போதைய கணக்குப்படி அவை 282 ஆகும்.

நம் நாட்டோடு தொடர்புடையவர்களும் உண்டு. சேனாபதி ஹெக்டர் மன்றோ 1764இல் பக்சார் போரில் வென்றவர். 1781இல் டச்சுக்காரரிடமிருந்து நாகப்பட்டினத்தைக் கைப்பற்றியவரும் அவரே. அவர் தம் சொந்த ஊருக்கு அருகே ஃபைரிஷ் என்னும் குன்றின்மேல் வேலையற்ற ஏழைகளுக்குக் கூலி கிடைக்கும்படி ஒரு நினைவுச் சின்னம் எழுப்பினார். நாகப்பட்டினத்துக் கோட்டை வாயிலின் வடிவத்தை நினைவூட்டும்படி அது அமைந்தது. சௌந்தரராஜப் பெருமாள் எழுந்தருளியிருக்கும் திருநாகையின் நினைவு, ஸ்காட்லாந்துக் குன்றொன்றில் கல்லாக நிற்கிறது.

திருவிதாங்கூரில் 1811 முதல் 1814 வரை திவானாக இருந்தவர் கர்னல் ஜான் மன்றோ. அந்த ராஜ்ஜியத்துக் கோயில்கள் பலவற்றின் நிர்வாகத்தை அரசாங்கத்தின்கீழ்க் கொணர்ந்தவர் அவர். கொல்லத்தை அடுத்த மன்றோத்துருத்து என்னும் தீவு அவர் பெயரால் வழங்குவது. அவரையும் சென்னை கவர்னர் சர் தாமஸ் மன்றோவையும் ஒருவராகவே எண்ணிவிடுவோர் உண்டு. இருவரும் வேறு வேறு ஆவர். இனி நாம் காண்பது தாமஸ் மன்றோவின் சரிதமே.

இளமை

தாமஸ் மன்றோ 1761ஆம் ஆண்டு மே மாதம் 27ஆம் தேதி கிளாஸ்கோ நகரத்தில் பிறந்தார். தந்தையார் அலெக்ஸாண்டர் மன்றோ, வர்ஜீனியாவோடு வாணிகம் செய்து செல்வராக வாழ்ந்தவர். தாமஸ் கிளாஸ்கோ சர்வகலாசாலையில் கணிதமும் ரசாயனமும் கற்றார். டான் க்விக்ஸாட் என்னும் கதையை மூல மொழியிலேயே படிக்க வேண்டும் என்னும் ஆவலால் ஸ்பானிய மொழியைத் தாமே முயன்று பயின்றார் என்பது அவருடைய விடாமுயற்சிக்குச் சான்று.

அமெரிக்கக் குடியேற்ற நாடுகள் ஆங்கில அரசை எதிர்த்துப் போர் தொடங்கியபோது தந்தையாரின் வாணிகம் அடியோடு வீழ்ந்தது. செல்வர் வீட்டுப் பிள்ளை வறியவரானார். கிழக்கிந்தியக் கும்பினியாரின் படையில் சேர்ந்து, 1780ஆம் ஆண்டு ஜனவரி மாதம் சென்னை வந்து இறங்கியபோது அவருக்கு வயது பதினெட்டு.

அவ்வாண்டிலேயே ஹைதர் அலியின் சேனை கர்நாடகப் பகுதியுள் புகுந்தது. தாமஸ் மன்றோ முதன்முதலில் போர்க்களம் கண்டது, மேற்கூறிய ஹெக்டர் மன்றோவின் தலைமையில், காஞ்சிபுரத்தின் அருகே ஆகும். புள்ளலூரில் கும்பினியாரின் ஒரு படைப்பிரிவு முற்றிலும் அழிந்தது. அதனை உரிய காலத்தில் காக்கத் தவறிய ஹெக்டர் மன்றோ, பெரிய பீரங்கிகளைக் காஞ்சிபுரத்துக் குளத்தில் தள்ளிவிட்டுச் செங்கற்பட்டை நோக்கிப் பின்வாங்கினார். பக்சாரில் பெற்ற புகழ் காஞ்சியில் குன்றியது. குலப்பெயரும் முன்செய்த வெற்றியும் மட்டுமே ஒருவரைக் காத்துவிடா என்பதை இளைஞர் தாமஸ் தம் கண்ணாலேயே கண்டார்.

பாராமகால்

1792இல் திப்பு சுல்தானோடு ஏற்பட்ட உடன்படிக்கையால் கிருஷ்ணகிரி, தருமபுரி முதலிய பாராமகால் பகுதிகளும் சேலமும் கும்பினியார் வசமாயின. அப்பகுதியை நிர்வகிக்கக் கேப்டன் அலெக்ஸாண்டர் ரீட் நியமிக்கப்பட்டார். அவருக்கு உதவியாக அமைந்த மூவருள் ஒருவர் மன்றோ. மற்ற இருவர் கிரஹாம், மக்லியோட் என்போர். இவ்விரு பெயர்களும் ஸ்காட்லாந்துக் குலப்பெயர்களே.

அதுவரை வரி வசூல் என்பது இடைத்தரகர் பலர் கைபட்டு நடந்து வந்தது. அரசாங்கத்திற்குச் சேர்வது ஒரு தொகை, உழவன் கொடுப்பது வேறொரு தொகை என்னும் நிலை இருந்தது. நிலத்தை அளந்து, மண்ணின் தரம் கண்டு, உழுபவனோடு அரசாங்கம் நேரே கணக்கு வைத்துக்கொள்ளும் முறையை ரீட் அங்கே தொடங்கினார். அதனைச் செம்மை செய்து நிலைநாட்டியவர் மன்றோ. ரயத்துவாரி என்று அதற்குப் பெயர். வங்காளத்தில் 1793இல் ஜமீன்தார்களிடம் நிலத்தை நிரந்தரமாக ஒப்படைத்த முறைக்கு இது நேர்மாறானது.

1799இல் திப்பு வீழ்ந்தபின் கோவை நாடும் கும்பினியார் ஆட்சிக்கு உட்பட்டபோது, பாராமகாலில் பழகிய மக்லியோட் அந்நாட்டு வருவாய் நிர்வாகத்தில் பங்குகொண்டார். நொய்யற்கரை ஊர்களிலும் மங்கலத்தைச் சுற்றியுள்ள சிற்றூர்களிலும் ஒரு குடும்பத்தார் தம் வீட்டுப் பெட்டியில் பட்டாவைப் பத்திரமாக வைத்திருக்கிறார்கள் எனில், அந்தப் பட்டாவின் பின்னால் பாராமகாலில் வகுக்கப்பட்ட இம்முறையே நிற்கிறது. தோட்டம் இருந்த இடத்தில் தறிக்கூடம் எழும்பிய பின்பும் நிலத்தின் உரிமை அந்தக் கணக்கின்படியே பேசப்படுகிறது.

தத்த மண்டலம்

1800ஆம் ஆண்டில் நிஜாம், பெல்லாரி, அனந்தப்பூர், கடப்பை முதலிய பகுதிகளைக் கும்பினியார்க்கு அளித்தார். தத்த மண்டலம் என்று அவை பெயர் பெற்றன. பிற்காலத்தில் ராயலசீமை என்று வழங்குவது அப்பகுதியே. 1800 முதல் 1807 வரை மன்றோ அங்கே தலைமைக் கலெக்டராக இருந்தார். பாளையக்காரர் சுமார் எண்பது பேர் ஆயுதப் படைகளுடன் தனித்தனியே ஆண்டு கொண்டிருந்த நாடு அது. அவர்களுள் பலரை மன்றோ அடக்கினார். பலர் தம் உரிமையை இழந்தனர். சிலர் நாட்டை விட்டே போயினர். அவர் கும்பினியாரின் சேவகர் என்பதையும், வெற்றி கொண்டவர்களின் கையாகவே வந்தார் என்பதையும் மறைத்துச் சொல்வது சரிதம் ஆகாது.

ஆயினும் அவர் ஆண்ட விதம் வேறாக இருந்தது. ஆண்டின் பெரும்பகுதியைக் கூடாரங்களிலேயே கழித்து, மெய்காவல் இன்றி ஊர் ஊராகக் குதிரையில் சென்றார். குடியானவர்கள் அவர் கூடாரத்தின் வாயிலில் வந்து நேரே முறையிடலாம். நிலங்களை அளக்கும் பெரும்பணியை 1802இல் தொடங்கி நடத்தினார்.

அப்பணி முடிந்தபோது அவருக்கு ஓர் உண்மை புலனாயிற்று. தாம் விதித்த வரி விளைச்சலில் நூற்றுக்கு நாற்பத்தைந்து பங்கு அளவுக்கு ஏறியிருந்தது. மூன்றில் ஒரு பங்கிற்கு மேல் போனால் உழவன் நிலைக்க மாட்டான் என்று அவர் முடிவு செய்தார். எனவே 1807இல் வரியை நூற்றுக்கு இருபத்தைந்து குறைக்க வேண்டும் என்று மேலிடத்திற்கு எழுதினார். மேலிடம் அதனை ஏற்கவில்லை. அவர் சீமைக்குச் சென்றபின் அம்முறையே மாற்றப்பட்டு, கிராமங்கள் குத்தகைக்கு விடப்பட்டன. குத்தகை எடுத்தவர்களும் நொடித்தனர், குடிகளும் நொடித்தனர். ஆளுகின்றவர் ஏட்டில் எழுதும் ஓர் எண், எத்தனை வீடுகளின் அடுப்பை அணைக்கவும் ஏற்றவும் வல்லது என்பதற்குத் தத்த மண்டலத்தின் அந்தப் பத்துப் பன்னிரண்டு ஆண்டுகளே சாட்சி.

மந்திராலயமும் திருமலையும்

மன்றோ தத்த மண்டலத்தில் இருந்த காலத்தைச் சேர்ந்தது மந்திராலய ஐதிகம். ஸ்ரீ ராகவேந்திர சுவாமிகள் தமிழ்நாட்டுப் புவனகிரியில் அவதரித்து, 1671இல் துங்கபத்திரைக் கரையில் பிருந்தாவனப் பிரவேசம் செய்தவர். மடத்திற்குரிய மாஞ்சாலி கிராமத்தின் மானியத்தைக் கும்பினியார் மீட்டுக்கொள்ளக் கருதியபோது விசாரணைக்காக மன்றோ அங்கே சென்றார். தொப்பியையும் பாதரட்சையையும் கழற்றிவிட்டுப் பிருந்தாவனத்தின் முன் நின்றார். சுவாமிகள் அவருக்குக் காட்சி தந்து மானியத்தின் நியாயத்தை எடுத்துரைத்தார். உடனிருந்தோர்க்குச் சுவாமிகள் தெரியவில்லை, மன்றோ உரையாடுவது மட்டுமே தெரிந்தது. பின்னர் மானியம் மடத்திற்கே நிலைத்தது. பிரசாதமாகப் பெற்ற அட்சதையை அவர் தம் சமையலில் சேர்க்கச் செய்தார் என்றும் சொல்வர்.

திருமலை வழக்கும் இத்தகையதே. தீராத வயிற்று நோயால் வருந்திய மன்றோ, திருவேங்கடமுடையானுக்கு நிவேதனமான பொங்கலை உட்கொண்டு நோய் நீங்கப் பெற்றார். அதற்கு நன்றியாகச் சித்தூர்ப் பகுதிக் கிராமம் ஒன்றன் வருவாயைக் கொண்டு, பெரிய கங்காளம் ஒன்றில் நித்தியமும் பொங்கல் தளிகை நிவேதனமாகும்படி ஏற்பாடு செய்தார் என்பர். அதுவே மன்றோ கங்காளம். அவர் கவர்னராக இருந்த காலத்தில், 1821இல், திருமலைக் கோயில் நிர்வாகத்திற்கு நாற்பத்திரண்டு விதிகள் கொண்ட ப்ரூஸ் சட்டம் ஏற்பட்டது. கோயிலின் பழைய வழக்கங்களை ஒட்டி நடைமுறைகளை ஒழுங்குபடுத்திய ஏற்பாடு அது.

ஐதிகம் என்பது ஆவணத்தைப் போன்றதன்று. அது மக்கள் மனத்தில் எழுதப்படுவது. இந்நாட்டில் கும்பினியார் காலத்துக் கலெக்டர்கள் எத்தனையோ பேர் இருந்தனர். அவர்களுள் பெரும்பாலோர் பெயரை எந்தச் சந்நிதியும் நினைவில் வைக்கவில்லை. மன்றோவைச் சுற்றி மட்டும் மந்திராலயத்திலும் திருமலையிலும் இத்தகைய வழக்குகள் ஏற்பட்டன எனில், தம் குறையைக் காதுகொடுத்துக் கேட்டவர் என்று குடிகள் அவரைக் கருதியதே காரணம் ஆதல் வேண்டும்.

கவர்னர் பதவி

சீமையில் இருந்தபோது 1814இல் ஜேன் கேம்பெல் என்னும் மாதரசியை மணந்து, அவ்வாண்டே நீதி நிர்வாகத்தைச் சீர்திருத்தும் குழுவின் தலைவராகத் திரும்பி வந்தார். மராட்டியப் போரிலும் பங்கு கொண்டார். 1820இல் சென்னை ராஜதானியின் கவர்னர் ஆனார். பதின்மூன்று ஆண்டுகளுக்கு முன் மறுக்கப்பட்ட அந்த இருபத்தைந்து பங்கு வரிக் குறைப்பை, தாம் அதிகாரம் பெற்றபின் தத்த மண்டலத்தில் நடைமுறைக்குக் கொணர்ந்தார். சொன்ன சொல்லைப் பதவி வந்தபின் மறவாமை பெரியோர் இலக்கணம் ஆகும்.

1822இல் ராஜதானி முழுவதிலும் உள்ள பள்ளிகளைக் கணக்கெடுக்குமாறு எல்லா ஜில்லா கலெக்டர்களுக்கும் உத்தரவிட்டார். திண்ணைப் பள்ளிகளும் பாடசாலைகளுமாக 12,498 பள்ளிகளில் 1,88,650 மாணாக்கர் பயின்று வந்ததாகக் கணக்கு வந்தது. வீடுகளில் பயில்வோரையும் எண்ணினால் பள்ளி வயதுச் சிறுவர்களில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கினர் கல்வி பெற்றனர் என்று 1826இல் அவர் கணித்தார். ஜில்லாதோறும் தாலுக்காதோறும் பள்ளிகள் அமைக்கத் திட்டமிட்டார். இந்நாட்டவர்க்கு உயர்ந்த உத்தியோகங்களும் பொறுப்புகளும் அளிக்கப்பட வேண்டும் என்றும், அவர்களைக் கீழ்மைப்படுத்தும் ஆட்சி எவ்வளவு திறமை உடையதாயினும் நல்லாட்சி ஆகாது என்றும் வற்புறுத்தி வந்தார். கோவைக் கலெக்டர் ஜான் சல்லிவன் உதகமண்டலத்தை உருவாக்கிக்கொண்டிருந்தபோது, 1826இல் மன்றோ அங்கே சென்று தங்கினார்.

இறுதிப் பயணம்

மைந்தனின் உடல்நலக் குறைவால் மனைவியார் 1826இல் சீமைக்குப் புறப்பட்டுச் சென்றார். பதவிக்காலம் முடிந்து தாமும் செல்ல வேண்டியவராயிருந்த மன்றோ, தம் உழைப்பின் பெரும்பகுதியைப் பெற்ற தத்த மண்டலத்து மக்களிடம் விடைபெற்றே செல்வது என்று முடிவு செய்து சுற்றுப்பயணம் தொடங்கினார்.

அப்பயணத்தைப் பற்றியும் ஓர் ஐதிகம் உண்டு. கடப்பைப் பகுதியில் பாபாக்னி ஆறு மலையைப் பிளந்து செல்லும் கண்டி என்னும் இடத்தில் ஆஞ்சநேயர் சந்நிதி இருக்கிறது. இலங்கையிலிருந்து மீண்டு வரும் ஸ்ரீராமபிரானை வரவேற்க வாயுதேவன் அம்மலையிடுக்கில் ஒரு பொற்றோரணம் கட்டினான் என்றும், அது புண்ணியசாலிகளுக்கு அவர்தம் அந்திம காலம் நெருங்கும்போது மட்டுமே கண்ணுக்குப் புலப்படும் என்றும் அங்குள்ளோர் கூறுவர். அவ்வழியே சென்ற மன்றோ மலைகளுக்கிடையே தொங்கும் தோரணம் யாது என்று வினவினார். உடன் வந்தோர் எதையும் காணவில்லை. விவரம் அறிந்த முதியவர்கள் மனம் கலங்கினர்.

1827ஆம் ஆண்டு ஜூலை மாதம் 6ஆம் தேதி, பத்திகொண்டா என்னும் ஊரில், வாந்திபேதி கண்டு ஒரே நாளில் அவர் உயிர் நீத்தார். வயது அறுபத்தாறு. கூத்தியில் அடக்கம் செய்யப்பட்ட அவருடைய உடல் பின்னர்ச் சென்னைக் கோட்டையிலுள்ள தூய மரியாள் தேவாலயத்திற்குக் கொண்டுவரப்பட்டது. பொதுமக்கள் வழங்கிய நிதியைக் கொண்டு, சான்ட்ரி என்னும் புகழ்பெற்ற சிற்பி சேணமும் அங்கவடியும் இல்லாத குதிரைமேல் அமைத்த அவருடைய சிலை 1839இல் சென்னையில் நிறுவப்பட்டது. அண்ணா சாலையில் தீவுத்திடலை அடுத்து இன்றும் அதனைக் காணலாம்.

பெயரின் நிலைபேறு

தத்த மண்டலத்துச் சிற்றூர்களில் தாய்மார்கள் தம் ஆண்மகவுக்கு மன்றோலப்பா என்று பெயரிட்டு அழைத்தனர். பெயரிடும் உரிமை தாய்க்கும் தந்தைக்கும் உரியது. அதில் அரசாங்கத்தின் அதிகாரம் செல்லாது. வரி கட்டிய குடியானவன் தன் பிள்ளைக்கு வரி வாங்கியவர் பெயரை விரும்பி இடுகிறான் எனில், அதனினும் உயர்ந்த நற்சான்று ஓர் அதிகாரிக்கு இருக்க இயலாது. ரோ ஆற்றங்கரையில் தோன்றியதாகச் சொல்லப்படும் ஒரு குலப்பெயர், துங்கபத்திரை நாட்டுத் தொட்டில்களில் பிள்ளைப்பெயராக மாறிய வரலாறு இதுவே.

ஒரே குலப்பெயரை ஹெக்டரும் தாங்கினார், ஜானும் தாங்கினார், தாமஸும் தாங்கினார். போர் வென்றவருக்கு ஊரில் குன்றின்மேல் கல் நின்றது. திவானாக இருந்தவர் பெயரைத் தீவு ஏற்றது. குடிகளின் குறை கேட்டவர் பெயரோ எம்பெருமான் அமுது செய்தருளும் பாத்திரத்தில் நின்றது. குலம் தருவது தொடக்கம் மட்டுமே; அப்பெயரை எங்கே கொண்டுபோய்ச் சேர்ப்பது என்பது அவரவர் நடத்தையைப் பொறுத்தது. திருமலை யாத்திரை செல்லும் அன்பர்கள் பொங்கல் பிரசாதம் பெறும்போது, பிற மதத்தில் பிறந்தும் இந்நாட்டு உழவர்க்கு இரங்கிய அப்பெரியாரையும் ஒரு கணம் நினைத்துக்கொள்வார்களாக.